எடை எழுதாத பொதி

எங்க நைனா ஒரு மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். அவ்வளவுதான். "எம்பது இல்ல, எம்பத்தி ரெண்டு. ஈரம் கீது" என்பார். தராசில் வைத்தால் எண்பத்திரண்டுதான் இருக்கும். வியாபாரிக்கு அது பிடிக்காது. ஈரத்தைச் சொல்ல வேண்டியது தராசு, மூட்டை தூக்குகிறவன் வாய் அல்ல என்பது அவன் கணக்கு. நைனா அந்தக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. "தராசு அவனுக்குக் காசு. எனக்கு முதுகு" என்று ஒரு தடவை சொன்னார்.

கீழ்பென்னாத்தூர் எங்கள் ஊர். ஊர் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். ஊர் வேறு, நாங்கள் இருந்த சேரி வேறு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் போகிற ரோட்டில் இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்து 1989இல் பிரிந்த திருவண்ணாமலை மாவட்டம். மானாவாரி மல்லாட்டை பூமி. மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் கமிட்டிக்கும் மண்டிக்கும் மூட்டை போகும். உடைத்த பயறு என்றால் ஒரு மூட்டை 80 கிலோ. அதைச் சும்மாடு வைத்து, கொக்கி போட்டு, பலகை ஏறி லாரிக்குள் அடுக்குவது எங்க நைனாவும் அவர் சேக்காளிகளும்.

ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்குகிற அதிகபட்ச எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. இது எனக்குத் தெரிய வந்தது எம்.ஏ. தமிழ் படித்து முடித்து, வேலை தேடி அலைந்து, ஒரு ஏற்றுமதிக் கொட்டகையில் கணக்கு எழுதப் போன பிறகு. அதற்குள் நைனாவின் முதுகெலும்பு தேய்ந்து போயிருந்தது. 55க்கும் 80க்கும் நடுவில் இருக்கிற 25 கிலோவை அவர் முப்பது வருஷம் தூக்கியிருக்கிறார். அந்த 25 கிலோவுக்கு வரலாறு யார் எழுதுவது? நாம்தான் எழுத வேண்டும். இந்தக் கட்டுரை அதற்கான ஒரு முயற்சி.

1

சென்னைக்கு மேற்கே, பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தக் கொட்டகை. பெயர் வேண்டாம். இரும்புத் தகடு வெட்டி, பற்றவைத்து, மண் அள்ளும் இயந்திரத்தின் கைமுனையில் மாட்டுகிற சாமான்களைச் செய்தார்கள். நம்ம பக்கம் ஜேசிபி என்று எல்லாவற்றையும் ஒரே பேராகச் சொல்கிறோமே, அந்த மாதிரி வண்டிகளின் கைக்குப் பக்கெட்டைக் கழற்றிவிட்டு வேறு வேறு கை மாட்டலாம். காட்டு வேலைக்கென்று தனியாக உண்டு: மரக்கட்டையை நண்டுக்கொடுக்கு மாதிரிக் கவ்வித் தூக்குகிற கிராப்பிள், நின்ற மரத்தை அடியில் நறுக்குகிற கத்திரி, புதரையும் கிளையையும் தூளாக்குகிற மல்ச்சர், வேரோடு கட்டையைப் பிடுங்குகிற பல். இவை கப்பலேறி வெளிநாட்டுக் காடுகளுக்குப் போகும். செய்தவர்களில் பாதிப் பேர், தூக்கி ஏற்றியவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும், நம்ம ஜனங்கள். வந்தவாசி, சேத்துப்பட்டு, அவலூர்ப்பேட்டை, கீழ்பென்னாத்தூர். பேசுகிற பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

என் வேலை காகிதம். எந்தச் சாமான், எந்த வகை, எத்தனை பொதி, என்ன எடை என்று எழுத வேண்டும். தொல்காப்பியத்தில் உயர்திணை, அஃறிணை படித்தவனுக்கு அங்கே வேறொரு திணைப் பாகுபாடு காத்திருந்தது.

உலகத்தில் விற்கிற வாங்குகிற பொருளுக்கெல்லாம் ஒரு எண் உண்டு. ஹார்மனைஸ்டு சிஸ்டம் என்று பெயர். 1988 ஜனவரி முதல் தேதி உலக நாடுகளிடையே நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று. நம் நாடு அதன் பின்னால் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்குகிறது. இயந்திரங்கள் 84ஆம் அத்தியாயம். தூக்குகிற, தோண்டுகிற இயந்திரங்களின் உறுப்புகள் 8431. அதற்குள் பக்கெட், மண்வாரி, கவ்வி எல்லாம் 8431.41. உழவு, தோட்டம், காடு ஆகியவற்றில் மண்ணைப் பண்படுத்தும் இயந்திரம் என்றால் 8432. மற்ற காட்டு வேலை இயந்திரம் என்றால் 8436. கையில் பிடித்து அறுக்கிற சங்கிலி ரம்பம் என்றால் 8467.81.

சிக்கல் எங்கே வருகிறது? கிராப்பிள் தானாக எதுவும் செய்யாது. வண்டியின் கையில் மாட்டினால்தான் கவ்வும். அது உறுப்பு. மல்ச்சரோ தனக்கென்று மோட்டார், தனக்கென்று உருளை, தனக்கென்று பற்கள் வைத்திருக்கிறது. வண்டியிலிருந்து எண்ணெய் அழுத்தம் மட்டும்தான் வாங்குகிறது. அது உறுப்பா, தனி இயந்திரமா? விதி என்ன சொல்கிறது என்றால், ஒரு சாமான் முழுக்கவோ முதன்மையாகவோ எந்த இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டதோ, அதன் உறுப்பாக அதை வை. அந்தச் சாமானுக்கே தனித் தலைப்பு இருந்தால் அந்தத் தலைப்பில் வை. ஒரு எண் மாறினால் வரி மாறும், அபராதம் வரும், சரக்கு துறைமுகத்தில் தூங்கும். அதனால் ஒரு சாமானுக்கு மூன்று நாள் உட்கார்ந்து படம் பார்த்து, வேலை செய்கிற விதத்தைக் கேட்டு, எண் போடுவோம்.

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. ஒரு இரும்புத் துண்டை வகைப்படுத்தும்போது அது என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள். யார் வயிற்றில் பிறந்தது, எந்த உலையில் உருகியது என்று கேட்பதில்லை. நம்மை வகைப்படுத்தியவன் என்ன கேட்டான்? வாய், தோள், தொடை, கால் என்று ஒரு உடம்பைக் கூறுபோட்டு நாலு வருணம் சொன்னவன், நம்மை அந்த உடம்பின் உறுப்பாகக்கூட வைக்கவில்லை. இரும்புக்குக் கிடைத்த விசாரணை மனுசனுக்குக் கிடைக்கவில்லை.

அட்டவணை என்ற சொல்லையும் யோசித்துப் பார்க்கிறேன். சுங்க வரி ஒரு அட்டவணை. 1936இல் ஆங்கில அரசும், பிறகு 1950இல் குடியரசுத் தலைவரும் வெளியிட்ட ஆணைகளில் நம் சாதிகளின் பெயர்கள் ஒரு அட்டவணை. அந்த அட்டவணைக்காக நம் முன்னோர்கள் போராடினார்கள். அது இல்லாவிட்டால் நான் எம்.ஏ. படித்திருக்க மாட்டேன். ஆகவே வகைப்படுத்துவதே தீமை என்று நான் சொல்ல வரவில்லை. எழுதுகிற கை யாருடையது, எழுதுவது யாருக்காக என்பதுதான் கேள்வி.

2

பொதி கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை.

ஒரு கிராப்பிள் வெளியே போவதற்கு முன் அதன் குழாய்களிலிருந்து எண்ணெயை வடிக்க வேண்டும். வடித்த பிறகு குழாய் முனைகளுக்கு மூடி போட வேண்டும். இல்லையென்றால் உள்ளே தூசி போகும், வெளியே எண்ணெய் கசியும். கம்பிமுளை, புஷ், பளபளப்பான பிஸ்டன் தண்டு எல்லாவற்றுக்கும் கிரீஸ் பூச வேண்டும். கடல் காற்றில் துரு பிடிக்காமல் இருக்கத் துருத் தடுப்புப் படலத்தைச் சுற்ற வேண்டும். நண்டுக்கொடுக்கு ஆடக் கூடாது என்று மூடிய நிலையில் வைத்துப் பட்டை கட்ட வேண்டும். பாறை உடைக்கிற சுத்தியல் மாதிரிச் சில சாமான்களுக்குள் நைட்ரஜன் அடைத்த அறை இருக்கும். அந்த அழுத்தத்தோடு போனால் அது வெறும் இரும்பு இல்லை, ஆபத்தான சரக்கு. ஐ.நா. எண் 3164, வகை 2.2 என்று அதற்கு வேறு காகிதம்.

அடியில் வைக்கிற மரச்சட்டத்துக்கும் சட்டம் உண்டு. பச்சை மரத்துக்குள் வண்டும் புழுவும் கண்டம் விட்டுக் கண்டம் போய்க் காடுகளை அழித்ததால் 2002இல் ஒரு உலக விதி வந்தது. ஐ.எஸ்.பி.எம். 15 என்பார்கள். மரத்தின் நடு வரைக்கும் 56 டிகிரி சூடு, தொடர்ந்து 30 நிமிஷம் ஏற வேண்டும். பிறகு கோதுமைக் கதிர் படம், நாட்டுக் குறி, சூடேற்றியவரின் எண் எல்லாம் சேர்ந்த முத்திரையை மரத்தில் குத்த வேண்டும். முத்திரை இல்லாத கட்டையோடு போனால் அந்த நாட்டுக்காரன் திருப்பி அனுப்புவான், அல்லது எரிப்பான்.

இவ்வளவும் சாமானுக்கும், மரத்துக்கும், தூர தேசத்துக் காட்டுக்கும் செய்கிற பாதுகாப்பு. தப்பென்று சொல்லவில்லை. செய்யத்தான் வேண்டும். ஆனால் பொதியின் மேல் எழுதுகிற எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்துதான் அதைத் தூக்குகிறவனுக்காக எழுதப்படுவது. அது எடை. அந்த எழுத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு.

3

1929 ஜூன் மாதம் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஒரு உடன்படிக்கையை நிறைவேற்றியது. வரிசையில் 27ஆவது. கப்பலிலோ உள்நாட்டு நீர்வழியிலோ போகிற 1000 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள எந்தப் பொதியானாலும், அதன் வெளிப்புறத்தில், தெளிவாக, அழியாதபடி, மொத்த எடையை எழுதியாக வேண்டும். எந்த நாட்டிலிருந்து பொதி புறப்படுகிறதோ அந்த நாட்டு அரசுதான் பொறுப்பு. சரியான எடை கண்டுபிடிக்கக் கஷ்டமான சமயத்தில் மட்டும் உத்தேச எடை எழுத அரசு அனுமதிக்கலாம்.

எதற்காக இது? துறைமுகத்தில் பாரந்தூக்கிக்கு ஒரு அளவு உண்டு. எடை தெரியாத பெட்டியைக் கட்டித் தூக்கினால் கயிறு அறும், கம்பம் சாயும், கீழே நிற்பவன் நசுங்குவான். ஏற்றுகிற துறைமுகத்தில் எடை தெரிந்திருந்தாலும் இறக்குகிற துறைமுகத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. பொதியே பேசினால்தான் உண்டு.

இந்தியா இதை 1931இல் ஏற்றுக்கொண்டது. அதற்கான சட்டம், கனத்த பொதிகளுக்கு அடையாளம் இடும் சட்டம், எந்த வருஷம் வந்தது தெரியுமா? 1951. கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருபது வருஷம். துறைமுகத் தொழிலாளருக்கான விபத்துப் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான்: 1934இல் இயற்றினார்கள், 1948இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பதினாலு, இருபது வருஷங்களில் சென்னைத் துறைமுகத்தில் சாமான் இறங்காமலா இருந்தது? தூக்கியவர்கள் யார்? கையால் தூக்குகிற, காலால் மிதிக்கிற வேலையெல்லாம் யார் தலையில் விழுந்ததோ, அவர்கள்தான்.

தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதைச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1921இல், பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். 'தொழிலாளி' என்ற ஒரே வகைக்குள் எல்லாரையும் போட்டுப் பொதி கட்டினால் உள்ளே நசுங்குவது யார் என்பதை அந்த வருஷம் காட்டியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உடன்படிக்கை கடலுக்கும் நீர்வழிக்கும் மட்டும்தான். லாரியில் ஏற்றுவதற்கு இல்லை. மண்டிக்கு இல்லை. கொட்டகைக்கு இல்லை. கப்பலுக்குப் போகிற பெட்டியில் எடை எழுத வேண்டும், சரி. ஆனால் கொட்டகையில் அதை லாரியில் ஏற்றுகிறவன் பார்க்கும்படியாக எப்போது எழுத வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

4

எங்க தாத்தா காலத்தில் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மாட்டுவண்டியில் திருவண்ணாமலை ஸ்டேஷனுக்குப் போகும். விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி என்று போகிற அந்தச் சிறு தண்டவாளப் பாதை 1890களின் தொடக்கத்தில் போடப்பட்டது. அந்தப் பாதை வந்த அதே காலத்தில்தான் 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தைப் புரட்டியபோது எனக்கு இரண்டு விஷயம் கிடைத்தது.

ஒன்று, சரக்குக் கட்டணத்தில் இரண்டு விதம் உண்டு. ரயில்வே பொறுப்பு என்றால் கட்டணம் கூட. சொந்தக்காரர் பொறுப்பு என்றால் கட்டணம் குறைவு, உடைந்தால் கேட்க முடியாது. 1989ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இந்தப் பாகுபாடு தொடர்ந்தது. இதைப் படித்தபோது நைனாவிடம் விளக்கிச் சொன்னேன். "அப்ப நாங்க எல்லாம் சொந்தப் பொறுப்புல போன சரக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டாவது, 'ஆபத்தான அல்லது அருவருப்பான சரக்கு' என்று ஒரு பிரிவு. ஆபத்தான சரக்கு எதுவென்று புரிகிறது. வெடி, வாயு, எண்ணெய், அமிலம். அருவருப்பான சரக்கு எது? பின்னாளில் ரயில்வே விதிகள் பட்டியலிட்டதைப் பாருங்கள்: செத்த மாட்டின் உடல், சுத்தம் செய்யாத எலும்பு, காய்ந்த ரத்தம், தெருக் குப்பை, எரு. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதின பட்டியல். நாற்றம் அடிக்கிற சாமானைத் தனியாக வைக்க வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் நம் ஊர்களில் யார் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள்? ரயிலில் அந்தச் சரக்கு இறங்கினதும் வண்டி கழுவப்பட்டுவிடும், மறுநாள் அதில் அரிசி போகலாம். நம் சேரியைக் கழுவி அரிசி ஏற்றுகிற விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. வண்டிக்குத் தீட்டு ஒரு நாள். மனுசனுக்குத் தலைமுறை தலைமுறையாக.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. நாமே சரக்காகப் போன கதை. 1860ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. சென்னையிலிருந்து புறப்பட்டது. 342 பேர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அந்தக் கப்பல்களின் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். 'பறையர்' என்ற சொல் அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வட ஆற்காட்டிலிருந்தும், செங்கல்பட்டிலிருந்தும், தென் ஆற்காட்டிலிருந்தும் மொரீசியசுக்கும், நேட்டாலுக்கும், மலேயாவுக்கும், பர்மாவுக்கும் நம் ஜனங்கள் போனார்கள். ஊரில் பண்ணையடிமையாய் இருப்பதை விடக் கடல் தேவலாம் என்று போனவர்களும் உண்டு.

நான் எழுதிய பொதிப் பட்டியலையும் அந்தக் கப்பல் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கட்டங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. வரிசை எண், விவரம், அடையாளக் குறி, புறப்படும் இடம். எனக்கு முன்னால் எத்தனையோ குமாஸ்தாக்கள் இந்தக் கட்டங்களை நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குமாஸ்தா வேலைக்குச் சேரியிலிருந்து ஒருவன் வந்ததுதான் புதுசு. வந்தவன் என்ன கிழித்தான்? அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

5

2017ஆம் வருஷம், ஐப்பசி மழைக் காலம். ஒரு கிராப்பிள் பொதியாகித் தயாராக இருந்தது. கவ்வியின் எடை 960 கிலோ. கீழே மரச்சட்டம், இரும்புக் கோணம், பட்டை எல்லாம் சேர்த்து 180. மொத்தம் 1,140. காகிதத்தில் இரண்டு எண்ணும் இருந்தன, நிகர எடைக்கு ஒரு கட்டம், மொத்த எடைக்கு ஒரு கட்டம். பெட்டியின் மேல் எதுவும் இல்லை. ஸ்டிக்கர் அச்சடித்து என் மேசையில் இருந்தது. கண்டெய்னரில் ஏற்றுகிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். மழையில் நனையும், உரியும், மறுபடி அச்சடிக்க வேண்டும். அதனால் கடைசியில் ஒட்டுவோம்.

லோடுமேன் அண்ணன் ஒருத்தர் என் சன்னல் பக்கம் வந்தார். எங்க ஊருக்குப் பக்கத்து ஊர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர்.

"தம்பி, இது இன்னா வெய்ட்டு வரும்?"

தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். "தொளாயிரத்தி அறுபதுண்ணே."

"ஒரு டன்னுக்குள்ளதான? அப்ப செயின் பிளாக்லயே ஏத்திடுறோம். கிரேன்காரன் வந்தா நாலு மணி ஆயிரும்."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. நான் நிகர எடையைச் சொன்னேன். அவர் கேட்டது தூக்க வேண்டிய எடையை.

ஒரு டன் செயின் பிளாக்கில் 140 கிலோ கூடினதால் மட்டும் சங்கிலி அறுந்துவிடாது. அறுக்கவும் இல்லை. கொக்கி பழையது, கொஞ்சம் வாய் திறந்திருந்தது. அதைவிட முக்கியம், பெட்டியின் நடுவும் எடையின் நடுவும் ஒன்றாக இல்லை. கவ்வியைச் சுழற்றுகிற தலைப்பகுதி ஒரு ஓரத்தில் இருந்தது. எடையின் நடு எங்கே, கயிறு எங்கே போட வேண்டும் என்று காட்டுகிற குறிகளும் அந்த ஸ்டிக்கர்களோடுதான் என் மேசையில் இருந்தன. அவர்கள் பெட்டியின் நடுவில் கட்டினார்கள். இரண்டடி மேலே வந்ததும் தலைப்பகுதி கீழே சாய்ந்தது. சாய்ந்த பெட்டியை நேராக்கக் கை கொடுத்தார் அண்ணன். கொக்கி நழுவி, அடிச்சட்டத்துக்கும் லாரியின் விளிம்புக்கும் நடுவில் வலது கை மாட்டியது.

மூன்று விரல்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் ஒரு அட்டவணை இருந்தது. ஒரு கையின் நாலு விரல் போனால் 50 சதவீதம். மூன்று விரல் என்றால் 30. இரண்டு என்றால் 20. கட்டைவிரல் மட்டும் போனால் 30. மனுசனை உறுப்பு உறுப்பாக வகைப்படுத்தி எண் போட்ட அட்டவணை. அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அந்த 30தான் அவர் வீட்டுக்குச் சோறு என்று தெரிந்தபோது, அதே அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காண்டிராக்டர், "என் ஆளு இல்ல, அன்னிக்கு மட்டும் வந்தவன்" என்றார். கொட்டகைக்காரர், "காண்டிராக்டரைக் கேளுங்க" என்றார். காண்டிராக்டரின் ஆளாக இருந்தாலும் வேலை யாருக்காக நடந்ததோ அவரும் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொன்னது. ஆனால் பொதிக்கு எடை எழுதவில்லை என்பதை யார் நிரூபிப்பது? ஒட்டாத ஸ்டிக்கர் என்னிடம் இருந்தது. காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது. தவறான எண்ணைச் சொன்ன வாயும் என்னுடையதுதான்.

சாட்சி சொன்னால் வேலை போகும் என்று தெரியும். சொல்லாமல் இருக்கச் சொல்லி ஒரு பெரியவர் நயமாகப் பேசினார். "நீ படிச்ச புள்ள, உனக்கெதுக்கு?" படித்த பிள்ளை என்பதுதான் எனக்குள் குத்தியது. படித்த பிள்ளை நிகர எடையைச் சொன்னான். படிக்காத எங்க நைனாவிடம் கேட்டிருந்தால் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "ஒரு டன்னுக்கு மேல கீது, தொடாத" என்று சொல்லியிருப்பார்.

சாட்சி சொன்னேன். வேலை போயிற்று. இரண்டு வருஷம் கழித்து அண்ணனுக்கு ஒரு தொகை வந்தது. அவர் இப்போது ஊரில் ஆடு மேய்க்கிறார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "நீ இன்னா பண்ணுவ தம்பி" என்கிறார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

6

2007 ஜனவரியில் 'எம்எஸ்சி நேப்பொலி' என்ற பெரிய கண்டெய்னர் கப்பல் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உடைந்தது. பிறகு விசாரித்தார்கள். மேல்தளத்தில் இருந்த கண்டெய்னர்களை நிறுத்துப் பார்த்தபோது 137 கண்டெய்னர்களில், அதாவது ஐந்தில் ஒன்றில், சொன்ன எடைக்கும் இருந்த எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். உலகம் அதிர்ந்தது. 2016 ஜூலை முதல் தேதியிலிருந்து எடையைச் சரிபார்த்துக் கையெழுத்திடாத எந்தக் கண்டெய்னரும் கப்பலேறக் கூடாது என்று விதி வந்தது. முழுக் கண்டெய்னரையும் நிறுக்கலாம், அல்லது உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொதியின் எடையையும் கூட்டிக் காட்டலாம்.

அண்ணனுக்கு அடிபட்டபோது அந்த விதி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கான கையெழுத்தை நாங்கள் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தோம். கண்டெய்னரின் எடை கிலோ சுத்தமாகச் சரியாக இருக்கும். கப்பல் சாயக் கூடாது அல்லவா. கப்பலுக்காக எழுதின எடை கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் தூக்கியவனிடம் மட்டும் போய்ச் சேரவில்லை.

இதுதான் நான் சொல்ல வந்த வரலாறு. 1929இல் தூக்குகிறவனுக்காகப் பிறந்த ஒரு எழுத்து, கப்பலுக்கும் கிரேனுக்கும் காப்பீட்டுக்கும் உரிய எழுத்தாக மாறிப்போனது. சட்டம் இருந்தது. ஸ்டிக்கர் இருந்தது. எழுதத் தெரிந்த ஆளும் இருந்தான், அதுவும் சேரியிலிருந்து வந்தவன். நம்மில் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோமே, போதாது. நாற்காலி என்னைக் கட்டம் நிரப்பப் பழக்கியிருந்தது. சன்னலுக்கு வெளியே நிற்கிறவன் எந்த எடையைக் கேட்கிறான் என்று யோசிக்கப் பழக்கவில்லை.

வேலை போன பிறகு நானும் சில தோழர்களும் லோடுமேன்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். திருவண்ணாமலைப் பக்கம் மண்டிகளிலும், சென்னைக்கு மேற்கே கொட்டகைகளிலும். மேடை போட்டு அல்ல, டீக்கடையில், மரத்தடியில். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982இல் சட்டம் வந்ததை, நல வாரியம் இருப்பதை, பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதைச் சொல்கிறோம். அதைவிடச் சின்னதாக மூன்று விஷயம் சொல்கிறோம். பெட்டியில் எடை எழுதாமல் கை வைக்காதே. எழுதியிருந்தால் நிகரமா மொத்தமா என்று கேள். எடையின் நடு எங்கே என்று குறி போடச் சொல்.

சில இடத்தில் மேஸ்திரிகள் சிரிக்கிறார்கள். "எழுதிட்டா மட்டும் இவனுங்க படிக்கப் போறானுங்களா" என்கிறார்கள். ஒரு கொட்டகையில் மட்டும், பற்றவைக்கிற பையன் ஒருத்தன், பொதி கட்டி முடிந்ததும் யாரும் சொல்லாமலே நாலு பக்கமும் சாக்பீஸால் மொத்த எடையைப் பெரிசாக எழுத ஆரம்பித்திருக்கிறான். மழை வந்தால் அழிந்துபோகிறது. மறுபடி எழுதுகிறான்.

நைனாவிடம் அதைச் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து படுத்தபடிதான் கேட்டார், நிமிர்ந்து உட்கார முடிவதில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாக்பீஸு வேணாம், பெயிண்டுல எழுதச் சொல்லு" என்றார்.